யார் வீட்டுச் சாம்பிராணி?

வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணிப் புகை காட்டினால்தான் தமிழர் வீடு தமிழர் வீடு மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சாம்பிராணி நம் ஊர்ச் சரக்கு இல்லை. சுமத்ராவில் வளரும் ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் வடிகிற பிசின் அது. நம் தாத்தாக்கள் பால்மரம் வெட்டியதைப் போலவே அதையும் கீறித்தான் எடுக்கிறார்கள். மலாய்க்காரர்கள் அதைக் 'கெமெஞான்' என்பார்கள். அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி' என்றார்கள். ஜாவாப் பக்கத்துத் தூபம் என்று பொருள். அது கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய், நம் சாமியறைக்குள் நுழைந்து, நம்மவர்களோடு மறுபடியும் கப்பலேறி மலாயாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடுகிறோமே, அந்தக் காய்ந்த மிளகாயும் அப்படித்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1500-களில் போர்த்துகீசியர்கள்தான் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் நம் பாட்டிகளுக்கெல்லாம் பாட்டி எதைச் சுற்றிப் போட்டிருப்பாள்? உப்பையும் காலடி மண்ணையும் மட்டும் போட்டாளோ என்னவோ. கண்ணேறு கழிக்கும் வழக்கம் பழசு. அதில் மிளகாய் பிற்பாடு வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணம், என் சின்னம்மா மகள்.

சின்னம்மா குளுவாங்கில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒரே மகள், வயது 26. கோலாலம்பூரில் விளம்பர வேலை. சித்தப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் மீதி இருப்பது அம்மாவும் மகளும் மட்டும்தான்.

போன தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சின்னம்மா எனக்குப் போன் செய்தார்.

"அவ ரூமுக்குப் போயிருந்தேம்மா. மேசை மேல என்னென்னமோ பரப்பி வெச்சிருக்கா. என்னடி இதுன்னு கேட்டா, 'நான் விட்ச்'ங்கறா. பெத்த தாய்கிட்டயே நான் சூனியக்காரின்னு சொல்றா. நீ ரேடியோவுல ஊருக்கே பேசறே. இவகிட்டயும் கொஞ்சம் பேசேன்."

அந்தச் சாமான்களைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் தீபாவளிக்கு வீட்டுப்படி ஏற வேண்டும் என்று சின்னம்மா சொல்லியிருக்கிறார். அப்படியானால் வரவில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் மட்டுமே மிஞ்சியிருக்கும் வீட்டில் அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

செராஸில் அவள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக்குப் போனேன். ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை. வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் மெழுகுவர்த்திகள், ரோஜா நிறத்தில் ஒரு படிகக் கல், டாரோட் சீட்டுக்கட்டு, நூல் சுற்றிய காய்ந்த இலைக் கட்டு ஒன்று. கூட இருக்கும் சீனத் தோழி கொடுத்த ஊதுவத்திக் கிண்ணம். ஒரு காளி படம். செம்புத் தம்ளரில் தண்ணீர். அதன் பக்கத்தில் சித்தப்பாவின் கைக்கடிகாரம்.

"காளி படம் எங்கம்மா வாங்கினே?"

"ஆன்லைன்லக்கா. அமெரிக்காவிலேர்ந்து வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. குளுவாங்கிலிருந்து கோலாலம்பூர் வரும் வழியில் எத்தனை காளியம்மன் கோயில்கள்! நம்ம ஆத்தா அமெரிக்கா போய், கூரியரில் செராஸுக்குத் திரும்பி வந்திருக்கிறாள்.

என்ன செய்கிறாய் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். அமாவாசை ராத்திரி, மனசில் பாரமாக இருப்பதை ஒரு தாளில் எழுதி எரிப்பாளாம். பௌர்ணமிக்கு ஜன்னலில் தண்ணீர் வைப்பாளாம். வாசலில் கல் உப்புப் போடுவாளாம். பெரிய முடிவு எடுக்கும் முன் ஒரு சீட்டு எடுத்துப் பார்ப்பாளாம். தினமும் அப்பாவின் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் மாற்றுவாளாம்.

"அப்பா போனதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரலக்கா. தூங்கினா நானும் எழுந்திரிக்க மாட்டேனோன்னு பயம். இதைச் செய்ய ஆரம்பிச்சப்புறம்தான் தூங்கறேன்."

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில வருஷங்களாக இரவு நிகழ்ச்சி செய்கிறேன். நேயர்கள் பாட்டுக் கேட்கத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒலிபரப்பில் இல்லை என்று தெரிந்ததும் வேறு பேச்சு வரும். "அக்கா, எங்களுக்கு யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க." வியாபாரம் படுத்துவிட்டது, பிள்ளை பரீட்சையில் தேறவில்லை, மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சொந்தக்காரர் பேர் தயாராக இருக்கும். ஒரு அண்ணி, ஒரு ஓரகத்தி, ஒரு பக்கத்து வீட்டுக்காரி.

ஒரு அம்மா சொன்னதை மறக்க முடியாது. கணவருக்கு வேலை போன சமயம், யாரோ ஒருவரிடம் போயிருக்கிறார். கடை வீட்டு மாடியில் அறை. ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் சீன எழுத்து எழுதிய மஞ்சள் தாள், நடுவில் ஒரு கிரீஸ் கத்தி. "மூணு இனத்து வேலையும் சேர்த்துக் கட்டியிருக்காங்க, மூணையும் தனித்தனியா அவிழ்க்கணும்" என்றாராம் அந்த ஆள். மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். அந்த அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். கணவருக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்கு மேல், இதைச் செய்தவர் என்று அந்த ஆள் கைகாட்டிய நாத்தனாரோடு குடும்பமே பகையாகிவிட்டது.

ஆக, பல மரபுகளை ஒன்றாகச் சேர்த்து வைத்த மேசைகள் இரண்டைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த மாடி அறை மேசை பயத்தை உண்டாக்கி விற்கிறது. என் தங்கச்சியின் மேசை ஒரு பயத்தைத் தணிக்கப் பார்க்கிறது. சின்னம்மாவின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தங்கச்சி தன் பக்கத்துக்கு ஒரு வாதம் வைத்திருந்தாள். "விட்ச்கிராஃப்ட்னா நீங்க நினைக்கற சூனியம் இல்லக்கா. அது ஐரோப்பாவுல பழைய மதம். இயற்கையைக் கும்பிடறது." அவள் படிப்பதையும் பார்ப்பதையும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, ஒரு செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று பார் என்பதுதான். பார்த்தால், கிளம்பிய இடங்களில் ஒன்று நம் ஜோகூர்!

இன்று உலகம் முழுக்க 'விக்கா' என்று பரவியிருக்கும் நவீன மந்திர வழிபாட்டை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884-ல் பிறந்தவர். இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அப்புறம் போர்னியோ. 1911 வாக்கில் மலாயா வந்து ரப்பர் தோட்டங்களில் வேலை. பிறகு ஜோகூரில் சுங்க அதிகாரி. மலாய்க்காரர்களோடு நெருங்கிப் பழகி, அவர்களுடைய மந்திர நம்பிக்கைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கிரீஸ் கத்திகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1936-ல் சிங்கப்பூரில் வெளிவந்தது. அதே வருஷம் ஓய்வுபெற்று இங்கிலாந்து போனார். அங்கே 1735-ம் வருஷத்து சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது. 1954-ல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகத்தை எழுதி, பழைய மதம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அறிவித்தார்.

அந்தச் சடங்குகளில் ஃப்ரீமேசன் சங்கத்து முறைகள், ஐரோப்பிய மாந்திரீகப் புத்தகங்கள், நாட்டுப்புறக் கதைகள் எல்லாம் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் அவரைச் சுற்றி வேலை செய்த கூட்டத்தில் நம் ஆட்கள்தான் அதிகம். ராத்திரி லயத்தில் உடுக்கைச் சத்தம் கேட்டிருக்காமல் இருக்குமா? அது அவர் மனசில் தங்கியதா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். என் தங்கச்சி தூய ஐரோப்பியப் பழமை என்று நினைத்த அந்த மதத்தை எழுதிவைத்த மனிதர், தம் வாழ்க்கையின் முப்பது வருஷத்துக்கு மேல் நம் பக்கத்தில் கழித்தவர்.

இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எல்லாருமே கலந்துதான் செஞ்சிருக்காங்க. நான் செஞ்சா மட்டும் தப்பா?" என்றாள்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடினால் எனக்குப் பாட்டிதான் நினைவுக்கு வருகிறார்.

எங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி, குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். பின்னேரம் வேலை முடிந்து குளித்துவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்தால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பயந்த கோளாறு, பார்வை பட்டது, ராத்திரி முழுக்க அழுகை. பாட்டி வேப்பிலையும் விபூதியும் எடுப்பார். மந்திரம் வெளியே கேட்காது, உதடு மட்டும் அசையும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "டிரெசர்கிட்ட காட்டினியா?" தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெசர் பார்த்து மருந்து கொடுத்த பிறகுதான் பாட்டி தொடுவார். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லை என்றால், என்னிடம் வராதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டுவார்.

காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு மட்டும். வந்தவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டார். தோட்டத்தை ஒட்டிய கம்போங்கிலிருந்து ஒரு மக்சிக் பேரப்பிள்ளையைத் தூக்கி வருவார். அந்தப் பிள்ளைக்குப் பாட்டி விபூதி வைக்க மாட்டார். "அவங்களுக்கு அது ஆகாது" என்று வெறும் தண்ணீர் ஓதிக் கொடுப்பார். சீனத் தவுக்கே தன் பிள்ளைக்குச் சரியானதும் ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவருவார். பாட்டி இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிடுவார்.

பாட்டியும் வாங்கிக்கொண்டார். லீமாவ் பூரூட் என்ற அந்தச் சுருக்கம் விழுந்த எலுமிச்சையைப் பூவோடு தண்ணீரில் போட்டுக் குளிப்பாட்டுவது மலாய் வழக்கம். அந்த மக்சிக்தான் சொல்லிக்கொடுத்தார். பாட்டி எங்களை அப்படிக் குளிப்பாட்டும்போதெல்லாம் முதலில் ஒரு வார்த்தை சொல்வார்: "இது மக்சிக் குடுத்தது." அதற்குப் பிறகுதான் முருகா என்பார். நானும் வானொலியில் ஒரு பாட்டைப் போட்டால் யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது என்று சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அதைத்தான் செய்திருக்கிறார்.

தோட்டத்து எல்லையில் ஒரு மரத்தடியில் சின்னச் சிவப்பு மாடம் இருந்தது. டத்தோ கோங். இன்றும் நம் நாட்டில் சாலையோரங்களிலும் தொழிற்சாலை வாசல்களிலும் பார்க்கலாம். சீனர்கள் வைத்துக் கும்பிடுவது, ஆனால் உள்ளே இருப்பவர் சோங்கோக் போட்ட மலாய்ப் பெரியவர், அந்த மண்ணின் காவல். வெற்றிலையும் சுருட்டும் வைப்பார்கள். பன்றி இறைச்சி மட்டும் படைக்கவே மாட்டார்கள். தங்கள் விருந்தில் முதலிடம் பிடிக்கும் ஒன்றை, அவருக்கு ஆகாது என்பதற்காக விலக்கி வைக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை என் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறரிடமிருந்து ஒரு சாமியை ஏற்றால், அவருடைய பத்தியத்தையும் சேர்த்து ஏற்க வேண்டும். பாட்டி அந்தப் பக்கம் போனால் 'தாத்தா' என்று கும்பிட்டுவிட்டுப் போவார். டத்தோ என்றாலும் தாத்தா என்றுதான் பொருள்.

மலாய் மந்திரத்தைப் பற்றி ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1925-ல் எழுதிய புத்தகத்தின் பேரே 'ஷாமன், சைவா அண்ட் சூஃபி'. ஆதிப் பூசாரி, சைவர், சூஃபி என மூன்று அடுக்கு ஒன்றின் மேல் ஒன்று. 'மந்தெரா', 'சக்தி', 'டேவா' என்ற மலாய்ச் சொற்களைப் பார்த்தாலே நம் பக்கத்திலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். இன்று மலாய் நண்பர்கள் பலர் மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று இவற்றை விட்டுவிட்டார்கள். அது அவர்கள் முடிவு. நாம் மதிக்க வேண்டியது.

இப்போது தங்கச்சி மேசையில் இருந்த அந்தக் காய்ந்த இலைக் கட்டுக்கு வருகிறேன். அது 'வைட் சேஜ்'. தெற்குக் கலிஃபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ பகுதியிலும் வளரும் செடி. அங்குள்ள பூர்வகுடி மக்களுக்கு அது புனிதமான மூலிகை. அமெரிக்க அரசு அந்த மக்களின் சடங்குகளுக்குப் பல காலம் தடை போட்டிருந்தது. அவர்கள் சமயச் சுதந்திரத்தைக் காப்பதற்கென்று 1978-ல்தான் தனிச் சட்டம் வந்தது. இப்போது அதே இலை உலகம் முழுக்க விற்பனைக்கு. காட்டில் திருட்டுத்தனமாக வெட்டி மூட்டை மூட்டையாகக் கடத்துகிறார்கள். அவர்கள் கும்பிட்டபோது குற்றம், நாம் வாங்கினால் அலங்காரம்.

மிளகாயும் அமெரிக்கா, இந்த இலையும் அமெரிக்கா. மிளகாய் மட்டும் எப்படி நம்முடையது ஆனது? 500 வருஷமாக நாமே விதைத்து, நாமே அரைத்து, நாமே கண்ணீர் விட்டுச் சமைத்திருக்கிறோம். இந்த இலை பொட்டலத்தில் வந்தது. யார் பறித்தது, யாரைக் கேட்டுப் பறித்தது, எதைச் சொல்லிக் கொளுத்த வேண்டும், யார் கொளுத்தக் கூடாது என்று எதுவும் கூட வரவில்லை.

இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். "சரிக்கா" என்றாள். கோபப்படவில்லை. "சாம்பிராணியே போதுமே, எதுக்கு இது?" என்றேன். அப்போது அவள் சொன்னதுதான் என்னைப் பேசவிடாமல் செய்தது.

"பாட்டிக்குத் தெரிஞ்சது அம்மாவுக்குத் தெரியும்தானே? அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தா, நான் ஏன் கலிஃபோர்னியாவுல போய் இலை வாங்கறேன்?"

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளை என் காடியில் ஏற்றிக்கொண்டு குளுவாங் போனேன். மேசைச் சாமான்கள் ஒரு காலணிப் பெட்டிக்குள் இருந்தன. இலைக் கட்டை அவள் எடுத்துவரவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. சின்னம்மா வாசலில் நின்று பெட்டியைத்தான் முதலில் பார்த்தார்.

சாப்பிட்ட பிறகு தங்கச்சி அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டாள். சின்னம்மா உடனே பதில் சொல்லவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தோட்டத்தை விற்றுச் செம்பனை நட்டபோது எல்லாரும் லயத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பாட்டியைச் சின்னம்மா பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிக்கு அழைத்து வந்தார். அங்கே பாட்டியை யாருக்கும் தெரியாது. வழக்கம்போலப் பாட்டி ஒரு பிள்ளைக்கு ஓதியிருக்கிறார். வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியும் இருக்கிறார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு மாடிப்படியில் பாட்டி ஏறி வந்தால் கதவைச் சாத்தினார்கள். கீழே லிப்டுக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ கரியால் எழுதினார்கள். சூனியக்காரி.

"நான் அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. டீச்சர். அந்த எழுத்தை நானே ராத்திரியோட ராத்திரியா தண்ணி ஊத்தித் தேய்ச்சேன். மறுநாள் அம்மாகிட்ட, இனிமே இதெல்லாம் வேணாம்மான்னு சொன்னேன். அவங்க மறுபேச்சுப் பேசல. சாகற வரைக்கும் யாருக்கும் வேப்பிலையே எடுக்கல." கொஞ்சம் நிறுத்தி, மகளைப் பார்த்துச் சொன்னார்: "அந்த வார்த்தையை நீ உன் வாயாலேயே சொல்லிக்கறே. எனக்கு எப்படி இருக்கும்?"

தங்கச்சி எழுந்து போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகத் தூங்காத கதையை அப்போதுதான் அம்மாவிடம் சொன்னாள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மேசை இருக்கலாம். மகனோ மகளோ சீட்டுக்கட்டும் கல்லும் மெழுகுவர்த்தியும் வைத்திருக்கலாம். பதறும் முன் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். இதைச் செய்வதால் பிள்ளையின் பயம் குறைகிறதா, கூடுகிறதா? யாராவது காசு பிடுங்குகிறார்களா? இன்னொருவர் மேல் சந்தேகத்தை வளர்க்கிறதா? டாக்டரிடம் போவதைத் தடுக்கிறதா? இதில் எதுவும் இல்லையென்றால், அது எந்த இடத்துக் காயத்துக்குப் போட்ட கட்டு என்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். எதை எடுத்து வைத்தாலும் அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்து வையுங்கள். அவர்கள் பேரைச் சொல்லுங்கள். அவர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் எடுக்காதீர்கள்.

அன்று ராத்திரி குளுவாங்கில் ஒரு பேரம் நடந்தது. டாரோட் சீட்டு சாமியறைக்குள் வரக்கூடாது, அதில் சின்னம்மா விட்டுக்கொடுக்கவில்லை. கல் வேண்டுமானால் இருக்கட்டும். காளி படத்தைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கம் அச்சடித்திருந்தது. அதைப் படிக்கவில்லை. "வந்தவளை வெளியில நிறுத்த முடியாது" என்று சொல்லி, குங்குமம் வைத்து உள்ளே மாட்டினார்.

பாட்டியின் மந்திரம் சின்னம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை. பயந்த பிள்ளைக்கு ஓதுவது ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றதெல்லாம் இப்போதைக்குக் கிடையாது. காசு வாங்கக் கூடாது. யார் வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்க வேண்டும். அமாவாசைக்கு விரதம். கிரகணத்தன்று தண்ணீரில் நின்று காதால் கேட்டு வாங்க வேண்டும்.

"போன்ல டைப் பண்ணி வெச்சுக்கறேம்மா, மறந்துடும்" என்றாள் தங்கச்சி.

"மறந்தா திரும்ப வந்து என்கிட்டக் கேளு" என்றார் சின்னம்மா.